சாயங்காலம் பூக்கிற பீர்க்கன்

எங்கள் ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். வயல் வீட்டுக்காரர் பொறுப்பு, கொல்லை என் பொறுப்பு. கொல்லை என்றால் மொத்தம் ஒன்றரை சென்ட்தான். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகும் வழியில் நாலு வாழை, வேலியோரம் அவரை, கொஞ்சம் கத்தரி, மிளகாய், கூரைமேல் ஏற ஒரு சுரைக்கொடி. இதில் என்ன வருமானம் என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. ஆனால் போன வருஷம் அடகுக்குப் போன என் சங்கிலி திரும்பி வந்ததற்கு இந்தக் கொல்லையும் ஒரு காரணம்.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். தோட்டம் போட்ட முதல் வருஷம் ஒரு பரங்கிக்கொடியை நானே பிடுங்கி எறிந்தேன். ஆசையில் ஆட்டு எருவைக் கூடை கூடையாகக் கொட்டியிருந்தேன். இலை ஒவ்வொன்றும் முறம் மாதிரி விரிந்தது. தினமும் பத்துப் பதினைந்து பூ. ஒன்றுகூடப் பிஞ்சாகவில்லை. மலட்டுக்கொடி என்று முடிவு கட்டிவிட்டேன். மகள் வீட்டுக்குப் போயிருந்த அத்தை திரும்பி வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஆம்பளப் பூதானம்மா முதல்ல வரும். இன்னும் பத்து நாள் பொறுத்திருந்தா பிஞ்சோட பூ வந்திருக்கும். இதுல நீ எருவைக் கொட்டுன கொட்டுக்கு அது கொடியா ஓடாம என்ன செய்யும்?"

பூவுக்கு அடியில் குட்டிக் காய் மாதிரி இருந்தால் அது பெண் பூ, வெறும் காம்பாக இருந்தால் ஆண் பூ என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். விவசாயி வீட்டில் பிறந்து, விவசாயிக்கு வாழ்க்கைப்பட்டு, நாற்பது வயதில் தெரிந்துகொண்டேன். தழைச்சத்து கூடினாலும் வெயில் கூடினாலும் ஆண் பூ அதிகமாக வரும் என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

அடுத்த வருஷம் சுரை. பெண் பூ வந்தது. ஆனால் பிஞ்சு விரல் அளவில் மஞ்சளாகி விழுந்துகொண்டே இருந்தது. தேனீ வராவிட்டால் நாமே கையால் மகரந்தம் சேர்க்கலாம் என்று படித்திருந்ததால், காலையில் சமையலை முடித்துவிட்டு ஒன்பது மணிக்குப் போய் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் தடவினேன். ஒரு வாரம் செய்தும் பலனில்லை. அதற்கும் அத்தைதான்: "சுரை பொழுது சாயத்தானே விரியும்? வாடுன பூவைத் தேச்சு என்ன ஆகும்?"

அன்றைக்குச் சாயங்காலம் ஆறரை மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். வெள்ளைப் பூ அப்போதுதான் விரிந்திருந்தது. பெரிய அந்துப்பூச்சி ஒன்று பூப்பூவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு நேரம் குறிக்க ஆரம்பித்தேன். பரங்கியும் பாகலும் விடிகாலையில் விரிகின்றன. சுரை, பீர்க்கன், புடலை மூன்றும் சாயங்காலம். பள்ளிக்கூட நோட்டில் மிச்சமிருந்த தாளில் எழுதிக் காலண்டருக்குப் பின்னால் ஒட்டி வைத்தேன்.

இனி வயலுக்கு வருகிறேன். போன ஆடியில் வீட்டுக்காரர் 40 சென்டில் பீர்க்கன் போட்டார். பந்தலுக்குக் கல்காலும் கம்பியும் வாங்க என் இரண்டு பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. கொடி பந்தலேறி நன்றாகப் படர்ந்தது. ஆனால் பறிப்பு தொடங்க வேண்டிய நாளில் சந்தைக்கு ஒரு மூட்டைகூடத் தேறவில்லை. பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது. மருந்துக்கடையில் கேட்டதற்குப் பழ ஈ என்று சொல்லி ஒரு புட்டி கொடுத்தார்கள். அவரும் வாரத்துக்கு இரண்டு தரம் அடித்தார். உதிர்வது கூடியதே தவிர நிற்கவில்லை.

ஒரு நாள் கீழே கிடந்த பிஞ்சில் இருபது பொறுக்கி வந்து அரிவாள்மனையில் நறுக்கினேன். பழ ஈ என்றால் தோலில் குத்தின தடமும் உள்ளே புழுவும் இருக்க வேண்டும். மூன்றில் இருந்தது. பதினேழு சுத்தமாக இருந்தது.

"நீங்க மருந்து எத்தனை மணிக்கு அடிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"சாயங்காலம்தான். காலையில தேனீ வரும், அடிக்கக்கூடாதுன்னு பயிற்சியில சொன்னாங்கல்ல."

காலையில் பூக்கிற பயிருக்கு அது நல்ல புத்திமதி. பீர்க்கன் அப்படியில்லை. இவர் ஐந்து மணிக்கு டேங்கை முதுகில் மாட்டி அடித்து முடிக்கிற நேரத்தில்தான் அது பூவை விரிக்கிறது. அந்த நேரத்தில் வருகிற தேனீயும் அந்துப்பூச்சியும் நேராக மருந்தில் போய் உட்காரும். சொன்னேன். "ஒன்றரை சென்ட் கொல்லையை வச்சுக்கிட்டு நாப்பது சென்ட்டுக்குப் பாடம் எடுக்காதே" என்றார். எனக்கும் கோபம் வந்தது. சங்கிலி என்னுடையதல்லவா?

வாக்குவாதம் செய்யவில்லை. மறுநாள் சாயங்காலம் பையனைக் கூட்டிக்கொண்டு பந்தலுக்குப் போனேன். பீர்க்கனில் ஆண் பூ கொத்தாக வரும், பெண் பூ தனித்தனியாக இருக்கும். கண்டுபிடிப்பது சிரமமில்லை. முப்பது பெண் பூவில் கையால் மகரந்தம் தடவி, காம்பில் சிவப்பு நூல் கட்டினோம். ஐந்து நாள் கழித்து அவரையே எண்ணச் சொன்னேன். நூல் கட்டினதில் இருபத்து நாலு நீண்டு தொங்கியது. பக்கத்தில் நூல் கட்டாதவை பெரும்பாலும் மஞ்சள். அவர் ஒன்றும் பேசவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வரப்பில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

அன்றோடு சாயங்கால மருந்து நின்றது. பழ ஈக்கு இனக்கவர்ச்சிப் பொறி கட்டினோம். பந்தல் காய்க்கென்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், மாமரத்துக்குக் கட்டுகிற பொறிக்கு இந்த ஈ வராது. புழு விழுந்த பிஞ்சைத் தினமும் பொறுக்கிக் குழியில் புதைத்தோம். தவிர்க்க முடியாமல் தெளித்தால் வேப்பங்கொட்டைக் கரைசல் மட்டும். அதுவும் முந்தின நாள் பூ வாடின பிறகு, வெயில் ஏறுவதற்குள். யூரியாவையும் குறைத்தார். இரண்டு வாரத்தில் பந்தலுக்கு அடியில் குனிந்து நடக்க வேண்டியிருந்தது, அவ்வளவு காய். ஆனாலும் முதல் மாதப் பறிப்பு போனது போனதுதான். தீபாவளிக்கு மீட்கலாம் என்றிருந்த சங்கிலி தை பிறந்த பிறகுதான் கழுத்துக்கு வந்தது. வட்டி தனி.

நான் சொன்னதுதான் சரி என்று அவர் இன்றுவரை வாய் திறந்து சொன்னதில்லை. இந்த ஆடியிலும் பீர்க்கன்தான் போட்டிருக்கிறார். போன வாரம் சாயங்காலம் டேங்கைக் கழுவி வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்து, "சுரை விரிஞ்சிருச்சா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்.

"விரிஞ்சதும் சொல்லு" என்றார்.