அலிபிரி அடிவாரத்தில் ஒரு சிற்றாலயம்

சென்ற மார்கழியில் தாயகம் சென்றிருந்தபோது, திருப்பதியில் என் அத்தையார் இல்லத்தில் பத்து நாட்கள் தங்கும் வாய்ப்புக் கிடைத்தது. திருப்பதி என்றதும் நேயர்கள் வேங்கடவன் தரிசனத்தைப் பற்றி எழுதப்போகிறேன் என்று எண்ணக்கூடும். அதனை எழுதத் தக்கவர் பலர் உளர். நான் எழுத வந்தது, அம்மலையின் அடிவாரத்து நகரில், எண்பது தொண்ணூறு குடும்பங்கள் கூடி வழிபடும் ஒரு சிறிய கிறிஸ்தவ ஆலயத்தையும், அதைச் சுற்றி அமைந்த இல்லற வாழ்வையும் பற்றியே. ஆயினும் மலையை விட்டுவிட்டு அவ்வூரைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது. ஆகவே அலிபிரியிலிருந்தே தொடங்குகிறேன்.

மலையடியில்

திருப்பதி நகரின் வடக்கே, மலை எழத் தொடங்கும் இடம் அலிபிரி. இங்கிருந்து மேலே செல்லும் நடைபாதையில் சுமார் 3,550 படிகள் உள்ளன. வழியின் நீளம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர். 1944 இல் முதல் மலைப்பாதை திறக்கப்படும் வரையில், செல்வரும் வறியவரும் படிவழிகளிலேயே ஏறினர். நடக்க இயலாதவர்கள் டோலியில் தூக்கிச் செல்லப்பட்டனர். இன்று பேருந்துகள் இடைவிடாமல் ஏறி இறங்குகின்றன. இருந்தும் படிவழியில் கூட்டம் குறைந்தபாடில்லை.

அலிபிரி என்னும் பெயர் 'அடிப்புளி' என்பதன் திரிபு என்பர் வைணவப் பெரியோர். மலையடியில் நின்ற ஒரு புளியமரத்தின் நிழலில், இராமானுசர் தம் தாய்மாமனாராகிய திருமலை நம்பியிடம் ஓராண்டுக் காலம் இராமாயணம் கேட்டார் என்பது அவர்கள் வழங்கிவரும் வரலாறு. மாமன் நாள்தோறும் மலையிலிருந்து இறங்கி வருவாராம்; மருகர் கீழே காத்திருப்பாராம். குடும்பத்து மூத்தவர் ஒருவர் இளையவருக்கு ஒன்றைக் கையளித்த இடம் என்பதனால், இந்தப் பெயர்க்காரணம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

நான் அங்கு நின்ற விடியற்காலையிலும் அத்தகைய காட்சிகளையே கண்டேன். பாதாள மண்டபத்தில் இறைவனின் பாதுகைகளைத் தலைமேல் தாங்கி வலம் வந்தார் ஒரு முதியவர். அவர் பின்னே அவர் மகன். மகன் பின்னே பள்ளிச் சிறுவனான பேரன். ஒரு பெண்மணி ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சளும் குங்குமமும் இட்டுக்கொண்டே ஏறினார். அவருடைய சிறு மகள் கிண்ணத்தை ஏந்தியவாறு உடன் சென்றாள். அம்மாவின் கை செய்வதைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள் அவள்.

அந்நேரம் நகரத்துக் கோயிலின் ஒலிபெருக்கியிலிருந்து ஆண்டாளின் திருப்பாவை காற்றில் மிதந்து வந்தது. மார்கழி மாதத்தில் திருமலையில் சுப்ரபாதத்திற்குப் பதிலாகத் திருப்பாவையே ஓதப்படுகிறது. என் அருகில் நின்ற தெலுங்கு அன்பர் ஒருவர், கையிலிருந்த சிறு நூலைப் பார்த்து உடன் பாடிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். மொழி தமிழ், எழுத்தோ தெலுங்கு! அவருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் முப்பது பாசுரங்களும் மனப்பாடம் என்றார். இதனை மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு நேயர்களை வேண்டுகிறேன். பின்னர் இதற்கே திரும்பி வருவேன்.

எல்லையில் நின்ற ஊர்

தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழ் கூறும் நல்லுலகத்தின் வட எல்லையாக வேங்கடத்தைக் குறிப்பிடுவது நாம் அறிந்ததே. திருமலைக் கோயிலின் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழிலேயே உள்ளன. அதே கோயிலில்தான் 15 ஆம் நூற்றாண்டில் அன்னமாச்சாரியார் தெலுங்கில் ஆயிரமாயிரம் கீர்த்தனைகளைப் பாடினார். இரு மொழிகளும் ஒரே மலையில் நெடுங்காலம் உடன் வாழ்ந்தன.

1953 அக்டோபர் 1 இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1 இல் திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது; திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கோடு இவ்வாறு நகர்ந்தபோது என் அத்தையார் வீடு நகரவில்லை. வீட்டுப் பிள்ளைகள் படித்த பள்ளிகளின் மொழிதான் மாறிற்று.

இப்பகுதியில் கிறிஸ்தவம் வந்த வரலாறும் பழமையானது. 1598 இல் யேசு சபைக் குருமார், திருப்பதிக்கு அருகே உள்ள சந்திரகிரியில் அரசு வீற்றிருந்த வேங்கடபதி மன்னரைக் கண்டனர். அம்மன்னர் திருவேங்கடமுடையானிடம் ஆழ்ந்த பக்தி பூண்டவர். அவருடைய செப்புத் திருமேனி இன்றும் திருமலைக் கோயிலில் நிற்கிறது. அவரே தம் தலைநகரில் ஒரு கிறிஸ்தவ ஆலயம் எழுப்ப அக்குருமாருக்கு அனுமதி வழங்கினார்.

பின்னர் 1853 இல் ஸ்கட்டர் உடன்பிறந்தார் தொடங்கிய ஆர்க்காட்டு மிஷன், வேலூரிலும் சித்தூரிலும் பள்ளிகளையும் மருந்தகங்களையும் நிறுவியது. இவர்களுடைய தந்தையார்தாம் யாழ்ப்பாணத்தில் மருத்துவத் தொண்டு புரிந்த டாக்டர் ஜான் ஸ்கட்டர். அடுத்த பத்தாண்டில் ஜெர்மனியிலிருந்து ஹெர்மன்ஸ்பர்க் மிஷனார் நெல்லூர், சித்தூர்ப் பகுதிகளுக்கு வந்தனர். முதல் உலகப் போரில் ஜெர்மானியர் வெளியேற நேர்ந்தபோது, அமெரிக்க லுத்தரன் சபையார் அப்பணியைத் தாங்கினர். அப்பணியின் வழிவந்த தென் ஆந்திர லுத்தரன் திருச்சபையின் தலைமையகம் இன்று திருப்பதியிலேயே உள்ளது. ஆர்க்காட்டு மிஷன் வழிவந்த சபைகளோ, 1947 செப்டம்பர் 27 இல் சென்னையில் உதயமான தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. சித்தூர்ப் பக்கத்திலிருந்து இரயில்வே வேலைக்கும் ஆசிரியப் பணிக்குமாகத் திருப்பதியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் ஒன்று எங்களுடையது.

சபையும் குடும்பமும்

அத்தையார் செல்லும் ஆலயம் மிகச் சிறியது. ஓட்டுக்கூரை, ஒரு மணி, முற்றத்தில் ஒரு வேப்பமரம், இவ்வளவே. ஆராதனை தெலுங்கில் நடைபெறும். முன்பு ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு தமிழ்ப் பாடல்கள் பாடுவார்களாம். இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு மட்டுமே. "பாடறதுக்கு ஆள் இல்லப்பா. இருக்கிறவங்களுக்கும் புத்தகம் படிக்கத் தெரியல. யாரைக் குறை சொல்றது?" என்றார் அத்தை. எண்பத்து மூன்று வயதாகிறது அவருக்கு. குரலில் கோபம் இல்லை. அதனாலேயே எனக்கு வருத்தம் மிகுந்தது.

ஆனால் அந்தச் சிறு சபை ஒரு குடும்பம்போல இயங்குவதைக் கண்டு வியந்தேன். ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் பத்து வீடுகளிலிருந்து பத்தியச் சாப்பாடு வருகிறது. ஒருவர் மருத்துவமனையில் படுத்தால், இரவில் துணை இருப்பவர் யார் யார் என்று பெண்கள் சங்கத்தார் முறை வகுத்துவிடுகின்றனர். ஞானஸ்நானத்திற்கு ஒரே வெள்ளைச் சட்டை, மூன்று தலைமுறையாக வீடு விட்டு வீடு செல்கிறது. அறுப்பின் பண்டிகையன்று காணிக்கையாக வரும் பூசணிக்காயும் வாழைத்தாரும் கோழியும் முற்றத்தில் ஏலம் விடப்படும். ஒருவர் ஏலத்தில் எடுத்த பூசணிக்காயை மீண்டும் காணிக்கையாக வைக்க, அது நான்கு முறை விற்கப்பட்டதை அத்தை சிரித்துக்கொண்டே சொன்னார்.

நான் சென்றது கிறிஸ்துமஸ் வாரம். நான்கு இரவுகள் கீத பவனி நடைபெற்றது. ஆர்மோனியமும் டோலக்கும் முன்செல்ல, சிறுவர் காகித நட்சத்திரம் ஏந்தி வர, வீடு வீடாகச் சென்று பாடினோம். ஒரு வீட்டில் கேசரி, மறுவீட்டில் முறுக்கு, அடுத்த வீட்டில் சுடச்சுடக் காபி. எங்கள் தெருவில் யாத்திரிகர்க்கு அறை வாடகைக்கு விடும் வைணவப் பெரியவர் ஒருவர், ஆண்டுதோறும் திண்ணையில் நின்று ஒரு பாட்டுக் கேட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குக் கற்கண்டு கொடுப்பது வழக்கமாம். மறுநாள் அதிகாலை அவர் திருப்பாவை பாடுவது எங்கள் சன்னல் வழியே கேட்டது.

நோட்டுப் புத்தகம்

கீத பவனியின் மூன்றாம் இரவில்தான் நான் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். அத்தையின் வீட்டு வாசலில் ஒரு பழைய தமிழ்க் கீர்த்தனையைத் தொடங்கினார்கள். அத்தைக்குப் பிடித்த பாட்டு. பாடியவன் அத்தையின் பத்து வயதுப் பேரன். தெலுங்கும் ஆங்கிலமும் கற்பிக்கும் பள்ளியில் படிப்பவன். ஒரு சொல்லும் பிசகாமல், ழகரமும் கெடாமல் பாடினான். என் பன்னிரண்டு வயது மகள் என் அருகில் வாய் மூடி நின்றாள். தமிழ்ச் சங்கத்து வகுப்புக்கு இரண்டு ஆண்டுகள் அனுப்பிவிட்டு, பிறகு நீச்சலுக்கும் பியானோவுக்கும் நேரம் வேண்டும் என்று நானே நிறுத்தியவன். ஆகவே அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

"தமிழ் படிக்கத் தெரியுமா உனக்கு?" என்று பையனைக் கேட்டேன்.

"தெரியாது மாமா. அம்மா எழுதிக் கொடுத்தாங்க," என்று ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினான்.

பக்கம் பக்கமாகத் தமிழ்ப் பாடல்கள். எல்லாம் தெலுங்கு எழுத்தில்! எழுதியவர் அத்தையின் மருமகள். நெல்லூர்ப் பக்கத்துத் தெலுங்குப் பெண். திருமணமாகி வந்த புதிதில் தமிழில் ஒரு சொல்லும் அறியாதவர். புருஷோத்தம சௌதரியின் தெலுங்குக் கீர்த்தனைகளைக் கேட்டு வளர்ந்தவருக்கு, மாமியார் அடுப்படியில் முணுமுணுத்த வேதநாயக சாஸ்திரியார் பாடல்கள் புதுமையாக இருந்தனவாம். மாமியார் பாடப் பாடக் கேட்டு, தமக்குத் தெரிந்த எழுத்தில் எழுதி வைத்தார். தெலுங்கில் ழகரத்துக்கு எழுத்து இல்லாத இடத்தில், பென்சிலால் ஒரு புள்ளி வைத்து அடையாளம் செய்திருந்தார்.

"அத்தைக்கு அப்புறம் இந்த வீட்டில் இந்தப் பாட்டு நின்றுவிடக் கூடாதில்லையா அண்ணா?" என்று எளிமையாகக் கேட்டார் அந்த அம்மையார். அலிபிரியில் திருப்பாவை பாடிய அன்பர் என் நினைவுக்கு வந்தார். தம் தாய்மொழி அல்லாத ஒன்றை, அன்பு காரணமாக, இத்தனை பேர் காத்து வருகின்றனர். தாய்மொழியாகப் பெற்ற நான் அதற்கு ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்க இயலாதவனாக இருந்தேன்.

முதல் ஏடு

கிறிஸ்துமஸ் அன்று விடியற்கால ஆராதனையும், முற்றத்தில் இலை போட்டு நடந்த அன்பின் விருந்தும் முடிந்து வீடு திரும்பினோம். அத்தை பெட்டியைத் திறந்து பழைய வேதாகமத்தை எடுத்தார். எங்கள் பாட்டனாருடையது. அதன் முன்புற வெற்றேடுகளில் குடும்பத்தின் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், இறப்பு அனைத்தும் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. முதல் இரு பக்கங்கள் பாட்டனாரின் அழகிய தமிழ்க் கையெழுத்தில் இருந்தன. அடுத்த பக்கத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து வந்தன. பின்னர் தெலுங்கு மட்டும். கடைசி நான்கு வரிகள் ஆங்கிலத்தில்.

என் தந்தையார் பெயருக்கு எதிரே, அவர் கப்பலேறிய நாளும் குறிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே என் பெயர். அதற்கும் கீழே ஒரு வரி வெறுமையாக விடப்பட்டிருந்தது.

"இது உன் பொண்ணுக்கு. பன்னிரண்டு வருஷமா விட்டு வச்சிருக்கேன். நான் எழுதக் கூடாது, அவளே வந்து எழுதட்டும்னு," என்றார்.

என் மகள் பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஆங்கிலத்தில் எழுதலாமா என்று அவள் கண்கள் கேட்டன. நான் விடை சொல்வதற்குள், அத்தை ஒரு துண்டுத் தாளில் தம் நடுங்கும் கையால் அவள் பெயரைத் தமிழில் எழுதி அவள்முன் வைத்தார். பையனும் எட்டிப் பார்த்து, அவ்வெழுத்துகளைத் தன் விரலால் மேசைமேல் எழுதிப் பார்த்தான். மகள் தாளில் ஆறேழு முறை எழுதிப் பழகினாள். பிறகு மெல்ல ஏட்டில் எழுதினாள். ஒரு கொம்பு சற்றே சாய்ந்துவிட்டது. அத்தை அதைத் திருத்தவில்லை. மை உலரும் வரையில் ஏட்டைத் திறந்தே வைத்திருந்தார்.

மறுநாள் காலை அலிபிரி வழியாகவே விமான நிலையம் சென்றோம். படிகளில் வழக்கம்போலக் குடும்பங்கள் ஏறிக்கொண்டிருந்தன. மகள் வண்டியின் சன்னல் வழியே கடைப் பலகைகளைப் பார்த்து, எது தெலுங்கு, எது தமிழ் என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தாள். ஊர் திரும்பிய வாரமே, நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அவளை மீண்டும் சேர்த்துவிட்டேன். அத்தையின் பேரனுக்கு ஓர் அரிச்சுவடியும் அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு வாரமும் தொலைபேசியில் இருவரும் தாம் கற்ற எழுத்துகளை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கின்றனர். இப்போதைக்கு அவன் அவளுக்கு மூன்று எழுத்துகள் முன்னால் இருக்கிறான்.