காப்பவன் பெருமை

ஈட்டியதைக் கணக்கிடுதல் எளிது. காத்ததைக் கணக்கிடுதல் அரிது. ஆடுகளத்திலும் இதே நிலைதான். கோல் அடித்தவனின் பெயர் மறுநாள் நாளிதழில் வருகிறது. அடிக்கவிடாமல் தடுத்தவனின் பெயர் பெரும்பாலும் வருவதில்லை. நிகழாத ஒன்றை எவ்வாறு செய்தியாக எழுதுவது?

இவ்வினா தமிழுக்குப் புதிதன்று. கோட்டையை முற்றுகையிடுவோர் சூடும் பூ உழிஞை. உள்ளிருந்து காப்போர் சூடும் பூ நொச்சி. தொல்காப்பியர் நொச்சியைத் தனித் திணையாகக் கொள்ளாது உழிஞையுள் அடக்கினார். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை அதனைத் தனித் திணையாக்கிற்று. காப்பவனுக்குத் தனியிடம் உண்டா என்பதில் இலக்கண நூலாரிடையேயே இரு நெறிகள் இருந்தன எனலாம்.

இத்தகைய வழக்கொன்று வட அமெரிக்கப் பனித்தள ஹாக்கியில் 1984ஆம் ஆண்டு எழுந்தது. அதனைக் குறித்துக் கணிதத் துறை நண்பர் ஒருவரோடு நாம் பல மாலைகள் வாதிட்டதுண்டு. அவ்வாதத்தின் சாரத்தை இங்கு மாணவர் முன் வைக்க விழைகிறோம்.

நம் ஊர் ஹாக்கியில் பந்து. அங்கே ரப்பர் வட்டு. ஓரணியில் ஒரே நேரத்தில் அறுவர் களத்தில் நிற்பர். ஒருவர் கோல் காப்பாளர், இருவர் தற்காப்பு ஆட்டக்காரர், மூவர் முன்கள வீரர். தற்காப்பு ஆட்டக்காரருள் சிறந்தவருக்கு ஆண்டுதோறும் நாரிஸ் விருது வழங்கப்படுகிறது. விளையாட்டு எழுத்தாளர்கள் வாக்களித்து அவரைத் தேர்வு செய்வர்.

1983-84ஆம் பருவத்தில் அவ்விருதுக்கு உரியவர் யார்? எட்மன்டன் ஆயிலர்ஸ் அணியின் பால் காஃபி தற்காப்பு ஆட்டக்காரராக இருந்தும் 40 கோல்கள் அடித்தார். மேலும் 86 கோல்களுக்குத் துணைநின்றார். ஆக, 126 புள்ளிகள். வாஷிங்டன் காபிடல்ஸ் அணியின் தலைவர் ராட் லாங்வே அடித்தவை 9 கோல்கள், துணைநின்றவை 24. ஆக, 33 புள்ளிகள். எழுத்தாளர்கள் விருதினை லாங்வேக்கு அளித்தனர். முந்தைய ஆண்டும் அவரே பெற்றிருந்தார். அப்போது அவர் அடித்த கோல்கள் மூன்றே!

"இது நீதியா?" என்பது நண்பரின் கேள்வி. அவர் வாதம் வலிமையானது. வட்டு எதிரியின் எல்லைக்குள் இருக்கும்வரை நம் கோலுக்கு ஆபத்தில்லை. ஆகவே தாக்குதலே சிறந்த தற்காப்பு. காஃபி இருந்த எட்மன்டன் அணி அவ்வாண்டில் 446 கோல்கள் அடித்துச் சாதனை படைத்தது. ஸ்டான்லி கோப்பையையும் வென்றது. காஃபி தம் வாழ்நாளில் அக்கோப்பையை நான்கு முறை வென்றவர். இவற்றைவிட வேறு சான்று எதற்கு என்பார் நண்பர்.

நாம் வேறொரு கணக்கை எடுத்துரைப்போம். வாஷிங்டன் அணி 1974இல் தொடங்கப்பட்டது. முதல் எட்டுப் பருவங்களிலும் இறுதிச் சுற்றுப் போட்டிகளுக்கு அது ஒருமுறைகூடத் தகுதி பெறவில்லை. 1982ஆம் ஆண்டுக் கோடையில் அணியே ஊரைவிட்டுப் போய்விடுமோ என்னும் அச்சம் எழுந்தது. ரசிகர்கள் திரண்டு அதனைக் காக்க இயக்கம் நடத்தினர். அவ்வாண்டு செப்டம்பரில், புதிதாகப் பொறுப்பேற்ற மேலாளர் டேவிட் பாயில், இருவரை மாண்ட்ரியல் அணிக்குக் கொடுத்து நால்வரைப் பெற்றார். நால்வருள் ஒருவர் லாங்வே.

அதன்பின் நிகழ்ந்ததை எண்களே கூறும். 1981-82இல் வாஷிங்டன் அடித்தவை 319 கோல்கள், வாங்கியவை 338. 1982-83இல் அடித்தவை 306, வாங்கியவை 283. 1983-84இல் அடித்தவை 308, வாங்கியவை 226. கோல் அடிப்பதில் அணி சற்றும் முன்னேறவில்லை. சிறிது குறைந்தே போயிற்று. ஆயினும் வெற்றிகள் 26இலிருந்து 48ஆக உயர்ந்தன. உயர்வு முழுவதும் வாங்காத கோல்களிலிருந்து வந்தது.

நண்பர் விடுவாரா? "நால்வர் வந்தனர், கோல் காப்பாளர்களும் சிறப்பாக ஆடினர். எல்லாப் புகழையும் ஒருவருக்கே தரலாமா?" என்பார். நியாயமான தடை. பதினொரு பேரின் உழைப்பையோ அறுவரின் உழைப்பையோ பிரித்து நிறுக்கத் தராசு இல்லை. ஒருவர் களத்தில் இருக்கையில் அணி அடித்ததையும் வாங்கியதையும் கழித்துப் பார்க்கும் முறை ஒன்று அங்கு உண்டு. அதுவும் முழு உண்மை கூறாது. எதிரணியின் வலிமைமிக்க வீரர்களுக்கு எதிராகவே எப்போதும் இறக்கப்படுபவருக்கும், எளியோரை எதிர்கொள்பவருக்கும் அது ஒரே கோலால் அளக்கிறது.

இவ்வாறு வாதிட்டு நாம் கண்ட முடிவு இதுதான். ஒருவரின் மதிப்பு அவரிடம் மட்டும் இல்லை; அவர் சேர்ந்த அணியின் தேவையிலும் இருக்கிறது. எட்மன்டன் அடித்து வாழ்ந்த அணி. அது 314 கோல்கள் வாங்கியும் வென்றது. அங்கே காஃபி பொருத்தமானவர். வாஷிங்டனோ கதவில்லாத வீடு. அவ்வீட்டுக்கு முதலில் வேண்டியது கதவு. லாங்வே கதவாக நின்றார்.

காலம் இருவருக்கும் நீதி செய்தது. 1985, 1986 ஆண்டுகளில் நாரிஸ் விருது காஃபியைச் சேர்ந்தது. 1985-86 பருவத்தில் மட்டும் அவர் 48 கோல்கள் அடித்தார். லாங்வே பதினைந்து பருவங்களில் அடித்த மொத்தக் கோல்கள் 51. எனினும் புகழ்மண்டபத்தில் லாங்வே 2002இலும் காஃபி 2004இலும் இடம்பெற்றனர். வாஷிங்டனுக்காக லாங்வே கோப்பை எதையும் வென்று தரவில்லை. ஆனால் 1983 முதல் தொடர்ந்து பதினான்கு ஆண்டுகள் அவ்வணி இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது. 2018இல் அது முதன்முதலாகக் கோப்பையை வென்றபோது, வெல்வதற்கு அவ்வூரில் ஓர் அணி எஞ்சியிருந்ததே!

இதனை எம் மாணவர்க்குச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கல்லூரிகளும் கணக்கெடுக்கின்றன. தேர்ச்சி விழுக்காடு, பல்கலைக்கழகத் தரவரிசை, பரிசுக் கோப்பைகள் யாவும் ஆண்டறிக்கையில் ஏறும். கட்டணம் கட்ட இயலாது படிப்பை விட்டுவிட இருந்த ஒரு மாணவனை, வீடு தேடிச் சென்று மீட்டு வந்த ஆசிரியரின் செயல் எப்பட்டியலில் ஏறும்? அம்மாணவன் வகுப்பில் பலருள் ஒருவனாக அமர்ந்திருப்பான், அவ்வளவே. இழக்காத மாணவனுக்குப் பதிவேட்டில் தனி வரி இல்லை.

ஆகவே விழா மேடைகளில் அடித்தவரைப் பாராட்டுக, அது முறையே. அடுத்த முறை ஆண்டறிக்கை எழுதுவோர், இவ்வாண்டு நாம் எவரையெல்லாம் இழக்காதிருந்தோம், அதற்கு யார் காரணம் என்றும் வினவி, அப்பெயர்களையும் இரண்டு வரிகளில் எழுதிவைப்பராயின் நொச்சிப் பூவுக்கும் ஓரிடம் கிடைக்கும்.