ஆனியில் புனே வருவோர் கவனத்திற்கு

அக்கினி நட்சத்திரம் கழியும் சமயத்தில் ஊரிலிருந்து நம் இல்லங்களுக்குச் செய்தி வரத் தொடங்கும். கடிதத்தின் இடத்தைத் தொலைபேசி பிடித்துக்கொண்டதே தவிர, செய்தி மாறவில்லை. "இங்கே வெயில் தாங்கவில்லை, பேரன் பேத்திகளையும் பார்த்தாற்போல் இருக்கும், ஆனி பிறந்ததும் புறப்படுகிறோம்" என்பார்கள். என்ன எடுத்து வருவது என்ற கேள்விக்கு மாவடு, அப்பளம், வடகம் என்று பட்டியல் சொல்லும் நாம், மழையைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஏனெனில் அவர்கள் கோடையிலிருந்து புறப்பட்டு மழைக்காலத்தில் வந்து இறங்குகிறவர்கள்.

சென்னையிலோ தஞ்சையிலோ வாழ்கிறவருக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்து முடிந்துவிடும். ஆனி மாதத்தில் குடை எடுத்துச் செல்வதென்றால் அவர்களுக்கு அது வெயிலுக்குத்தான். புனேயிலோ ஜூன் இரண்டாம் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை வந்து, செப்டம்பர் முடியும்வரை நிற்கும். சில ஆண்டுகளில் அது நாள் பார்த்து வருவதுமில்லை. 2025ஆம் ஆண்டில் மே 26ஆம் தேதியே நகரத்தை எட்டிவிட்டது. அதற்கு முன்னரும் சித்திரை, வைகாசி மாலைகளில் இடியும் மின்னலுமாக ஒரு மழை கொட்டும்; 'வளவாச்சா பாவூஸ்' என்று மராட்டியர்கள் அதற்குத் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். ஆகவே மே மாதக் கடைசியில் வருகிறவர்களுக்கும் இவ்விஷயம் பொருந்தும்.

புனேயின் மழை அளவில் பெரிதன்று. ஆண்டுக்குச் சுமார் 750 மில்லிமீட்டர்தான். சென்னைக்கோ சுமார் 1,400. ஆனால் மழை நாட்கள் இரண்டு ஊருக்கும் ஏறத்தாழ ஐம்பதுதான். சென்னை மழை கொட்டித் தீர்த்துவிட்டு வெயிலுக்கு வழி விடும். புனேயின் மழை அவ்வாறு தீர்வதில்லை. காலையில் தூறும், பகலில் நிற்கும், மாலையில் மீண்டும் தூறும். நடுவே சூரியன் முகம் காட்டுவது அபூர்வம். நனைவது கொஞ்சம், காயாமல் இருப்பது அதிகம். திருநெல்வேலிப் பக்கத்து உறவினருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. "குற்றாலச் சாரல் மாதிரி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து அங்கே சாரலாக விழுவதும், சஹ்யாத்திரியைத் தாண்டி வந்து இங்கே தூறலாக விழுவதும் ஒரே காற்றுத்தான்.

அந்தக் காற்றின் போக்கைத் தெரிந்துகொண்டால் பெட்டியில் என்ன வைப்பது என்பது தானே விளங்கும். அரபிக்கடலில் ஈரம் குடித்துவரும் காற்று மலைச் சுவரில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, சுமையை உச்சியிலேயே இறக்கிவிடுகிறது. மகாபலேசுவரத்தில் ஆண்டுக்கு 5,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. லோணாவளாவில் 4,000க்கு மேல். லோணாவளாவிலிருந்து ரயிலில் 64 கிலோமீட்டர் கிழக்கே வந்தால் புனே. அதற்குள் மழை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. இன்னும் கிழக்கே சோலாப்பூர் வறண்ட சீமை. சென்னையிலிருந்து வரும் ரயில் இந்த வறண்ட பக்கமாகத்தான் வருகிறது. தவுண்ட் வரையில் காய்ந்த நிலத்தையே பார்த்துக்கொண்டு வந்தவர் புனே நிலையத்துக்கு வெளியே கால் வைத்ததும் தூறலில் நிற்பார். குடையோ பெரிய பெட்டியின் அடியில், பட்டுப் புடவைகளுக்குக் கீழே இருக்கும்! குடையும் ஒரு மெல்லிய சால்வையும் கைப்பையின் மேல்பக்கத்தில் இருக்கட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சென்னையில் 37 பாகை வெப்பத்தில் வண்டி ஏறிய முதியவருக்கு, ஈரக் காற்றோடு கூடிய 23 பாகை இரவு நடுக்கத்தையே தரும்.

குடையைப் பற்றி எங்கள் அபிப்பிராயம் ஒன்று உண்டு. நகருக்குள் நடந்து செல்வதற்கு நீண்ட காம்புள்ள பழைய குடையே மேல். முதியவருக்கு அது கைத்தடியாகவும் உதவும். மூன்றாக மடங்கும் சிறிய குடை பைக்குள் அடங்கும் என்பது உண்மையே. மலைக் காற்றில் அது ஊமத்தம்பூப் போல மேல்நோக்கி விரிந்துவிடும் என்பதும் உண்மை.

இருசக்கர வாகனத்தில் செல்வோருக்குக் குடை உதவாது. சட்டையும் காற்சட்டையும் தனித்தனியான மழை அங்கியே வேண்டும். ஓரளவு பெரிதாக வாங்கினால் உள்ளே காற்றோட்டம் இருக்கும். சார்லஸ் மாகின்டாஷ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பர் பூசி 1823இல் காப்புரிமை பெற்ற நாள் முதல் மழை அங்கிக்கு ஒரே குறைதான்: வெளிமழை உள்ளே வராது, உள்வியர்வை வெளியே போகாது. போர்வை போல் தொளதொளவென்று கிடக்கும் 'போஞ்சோ' நடப்பவருக்குச் சௌகரியம்; ஸ்கூட்டரின் பின்னால் அமரும் பெண்கள் அதை அணிய வேண்டாம். அதன் நுனி சக்கரத்தில் சிக்கினால் விபரீதமாகும். புடவைத் தலைப்புக்குச் சொல்லும் எச்சரிக்கையேதான்.

இவையெல்லாம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே மாவள், முள்ஷி கிராமங்களில் இதற்கு விடை கண்டிருந்தார்கள். மூங்கிற் சட்டத்தில் இலைகளை அடுக்கிச் செய்த 'இர்லே' தலையிலிருந்து முதுகு முழுவதையும் மூடும். குனிந்து நாற்று நடும் பெண்ணின் இரு கைகளும் விடுதலையாக இருக்கும். குடையால் ஒருகாலும் இயலாத காரியம் அது. ஆடு மேய்ப்போர் முரட்டுக் கம்பளியை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள். நம் ஊர்க் குடியானவர்கள் சாக்கை மடித்துப் போட்டுக்கொள்ளும் கொங்காணியேதான் இது. அந்தச் சொல்லின் ஒலியிலேயே கொங்கணத்து மழை கேட்பது போல் எங்களுக்குத் தோன்றும். இப்பொழுது பெரும்பாலும் பிளாஸ்டிக் விரிப்பே இவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டது. ஆஷாட ஏகாதசிக்குப் பண்டரிபுரம் நடக்கும் வாரகரிகள் நம் நகரைக் கடக்கும்போது, தலைமேல் அந்த விரிப்பு ஒன்றோடு தூறலில் பாடிக்கொண்டு செல்வதைப் பார்க்கலாம்.

காலணி விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். தோல் செருப்பு பத்து நாளில் பூசணம் பூத்துவிடும். ரப்பர்ச் செருப்பு என்று தட்டையான ஹவாய்ச் செருப்பை எடுத்து வந்தால், ஒவ்வோர் அடியும் சேற்றை வாரி வேட்டியின் பின்புறம் கோலம் போடும். குதிகாலைப் பிடிக்கும் வாருள்ளதும், அடிப்புறம் வழுக்காததுமான மழைச் செருப்பே ஏற்றது. இங்கு வந்தும் வாங்கிக்கொள்ளலாம். கெட்டிப் பருத்திப் புடவை உலர இரண்டு நாள் ஆகும்; பயணத்துக்கு இழைக்கலப்புப் புடவை இரண்டு போதும். பள்ளிச் சான்றிதழ், ஓய்வூதியப் புத்தகம், மருந்துச் சீட்டு ஆகியவை பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கட்டும். மாநிலப் பள்ளிகள் ஜூன் நடுவில் திறக்கும்போது பேரனைச் சேர்க்கப் போகிறவர் நனைந்த காகிதத்தோடு நிற்கலாகாது. வடகமும் அப்பளமும் அங்கேயே சித்திரை வெயிலில் நன்றாகக் காய்ந்து, இறுக மூடும் டப்பாவில் வரவேண்டும். இங்கே நமத்துப்போனால் மீண்டும் காயவைக்க வெயில் கிடையாது.

நம் குடும்பங்களில் சிலர் எதிர்த்திசையிலும் பிரயாணம் செய்கிறார்கள். லண்டனில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறவர்கள் அது மழை நாடு என்று பயந்து கனத்த அங்கி வாங்குகிறார்கள். லண்டனின் ஆண்டு மழை சுமார் 600 மில்லிமீட்டர், நம் புனேயைவிடக் குறைவு. ஆனால் அது ஆண்டு முழுவதும் நூறு நாட்களுக்கு மேல் சிறுகச் சிறுகத் தூவுகிறது. மெல்லிய அங்கி ஒன்று போதும். சியாட்டில் மழைக்குப் பேர்போன ஊர். ஆயினும் ஜூலை, ஆகஸ்டில் அங்கே வெயில்தான். சிங்கப்பூரில் எந்த மாதமும் மழை உண்டு, புழுக்கமும் உண்டு. அங்கே குடைதான் உகந்தது.

இனி, வந்த உறவினரை மலைக்கு அழைத்துச் செல்லும் கட்டம். பண்டரிபுரத்துக்கு என்றால் கவலையில்லை, அது மழை மறைவுப் பிரதேசம். பீமாசங்கரமோ மலையுச்சியில் உள்ளது. சந்நிதிக்கு இருநூறுக்கு மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும், ஆடி மாதத்தில் பனிமூட்டமும் பாசியும் சேர்ந்திருக்கும். முழங்கால் வலியுள்ளவர்கள் மழை விட்ட பின் போவதே உசிதம்.

லோணாவளா அருவிகளைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். 2024 ஜூன் 30ஆம் தேதி, பூஷி அணைக்கு அருகிலுள்ள அருவியில் நின்றிருந்த புனேக் குடும்பம் ஒன்றில், குழந்தைகள் உட்பட ஐந்து பேரை வெள்ளம் அடித்துச் சென்றது. நின்ற இடத்தில் தண்ணீர் கணுக்காலளவுதான் இருக்கும். மேலே மலையில் பெய்த மழை சில நிமிஷங்களில் கீழே வந்து சேரும். நமக்குக் குற்றாலத்தில் குளித்த பழக்கம் உண்டு. அங்கே வெள்ளம் வந்தால் காவலர் விசில் அடித்து மேலே ஏற்றுவார்கள். இங்குள்ள ஓடைகள் பலவற்றில் கம்பியும் கிடையாது, காவலரும் கிடையாது. மலைச்சரிவுகளும் அப்படியே. 2014 ஜூலை 30 அன்று நம் மாவட்டத்து மாளின் கிராமத்தின்மேல் மலை சரிந்து 151 பேர் மாண்டார்கள்.

வானிலை இலாகா சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாளில் வண்டிக்குக் கொடுத்த முன்பணம் போனாலும் போகட்டும். சிவாஜிநகரில் 1928 முதல் 'சிம்லா ஆபீஸ்' என்றே வழங்கப்படும் அந்தக் கட்டடத்தை உறவினருக்குச் சுற்றிக் காட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து சூடாக வெங்காய பஜ்ஜி போட்டுக் கொடுக்கலாம்.

ஆவணியில் அவர்கள் ஊர் திரும்பும்போது மழை அங்கியை இங்கேயே விட்டுச் செல்வார்கள், அது சரிதான். குடையை மட்டும் நன்றாக உலர்த்தி, கம்பிகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கையோடு கொடுத்தனுப்புங்கள். அக்டோபர் முற்பாதியில் இங்கே மழை விடைபெறும்; ஐப்பசி பிறந்ததும் அங்கே அதற்கு வேலை வந்துவிடும்.