இல்லாத வெளிச்சத்தை வரைதல்

ஆளுயர வீரன் சிலையில் மூக்கின் கீழும் அங்கியின் மடிப்புகளுக்குள்ளும் நிழல் தானாகவே தங்கும். அதே வீரன் 28 மில்லிமீட்டருக்குச் சுருங்கினால் அந்த நிழலும் மயிரிழையாகி, கைநீளத் தூரத்தில் கண்ணுக்கு எட்டாமல் போய்விடும். அங்கிக்குச் சிவப்பு மட்டும் பூசி வைத்தால் அங்கி தெரியாது, சிவப்பாக ஏதோ ஒன்று நிற்பதுதான் தெரியும். ஆகவே இப்படிப்பட்ட சிற்றுருவத்துக்கு, அதாவது மினியேச்சருக்கு, வண்ணம் தீட்டுகிறவர் நிறத்தோடு நிழலையும் வெளிச்சத்தையும் தாமே வரைய வேண்டும். எனக்கு இந்த வேலையில் கிடைக்கும் ஆனந்தமும் எரிச்சலும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன.

வாஷ் ஓடும் கணம் எனக்கு மிகவும் பிடித்தது. தண்ணீராக இளகிய கருநிறத்தைச் சங்கிலிக் கவசத்தின் மேல் தடவினால், அது மேடுகளை விட்டு வழிந்து பள்ளங்களில் போய்த் தங்கும். அதுவரை வெறும் சாம்பல் பரப்பாக இருந்த கவசம் வளையம் வளையமாக எழும்பி வரும். எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை.

வாளுக்கு உலோக வண்ணத்தையே தொடாமல், சாம்பலும் நீலமும் வெள்ளையும் கொண்டு மினுமினுப்பை வரைகிறவர்களும் உண்டு. அந்த வாளை எப்படித் திருப்பினாலும் ஒளி நகராது. வரைந்தவர் வைத்த இடத்திலேயே நிற்கும்.

எச்.ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மைப் போர் விளையாட்டின் விதிகளை ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலாக எழுதியபோது அந்த விளையாட்டில் இருந்தவர்கள் சாதாரணப் பொம்மைச் சிப்பாய்கள். சிப்பாயின் சட்டை என்ன நிறம் என்பதற்கு வரலாறு பதில் வைத்திருக்கிறது. 1974இல் ‘டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, 1983இல் ‘வார்ஹாமர்’ என்று மாய உலக விளையாட்டுகள் வந்த பிறகு, ஓர்க், கோப்ளின் என்ற கற்பனை இனத்தாரும் மேஜைக்கு வந்தார்கள். ஓர்க்கின் தோல் பச்சை, சரி. அந்தத் தோலுக்கடியில் ஓடும் ரத்தம் என்ன நிறம்? சிவப்பு என்று முடிவு செய்தால் உதட்டிலும் மூக்கு நுனியிலும் விரல் முட்டிகளிலும் மெல்லிய சிவப்பு படர வேண்டும். நிழலுக்குக் கறுப்பை விட ஊதா பொருந்தும். அந்தச் சிவப்பு ஏறியதும் பச்சைப் பிளாஸ்டிக் உயிருள்ள உடலாகிவிடுகிறது. இப்படி யோசிக்கும் சுதந்திரத்துக்காகவே நான் வரலாற்றுச் சிப்பாய்களை விட்டு இந்தப் பக்கம் நிற்கிறேன்.

கண்தான் சோதனை. தலையே துவரம்பருப்பு அளவு. முதலில் வெள்ளை, பிறகு கருவிழி. புள்ளி வைக்கப் போனால் ஒரு கண் கிழக்கே, மறு கண் மேற்கே பார்க்கும். மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்து, மிச்சத்தை இமையின் தோல் நிறத்தால் மூடுவதே கைகொடுக்கும் வழி. இதற்கு ஆக மெல்லிய பிரஷ் வேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் மூன்று சைபர் பிரஷ்ஷில் ஏறும் துளி முகத்தைத் தொடுவதற்குள் உலர்ந்துவிடும். நுனி கூர்மையாகவும் வயிறு பருத்தும் இருக்கும் கோலின்ஸ்கி மயிர்ப் பிரஷ், ஒன்றாம் எண், போதும். விலை அதிகம்தான், ஆனால் காசு செலவழிக்க வேண்டிய இடம் அது ஒன்றே என்பேன்.

சென்னைக் காற்றில் ஈரம் இன்னொரு வில்லன். ஐப்பசி மழையில் மேட் வார்னிஷைக் கேனிலிருந்து அடித்தால், வாரக்கணக்கான உழைப்பின் மேல் வெண்பனி படர்ந்ததுபோல் வெளுத்துவிடும் அபாயம் உண்டு. அந்த மாதங்களில் பிரஷ்ஷால் பூசுவதே உசிதம். வெயில் காலத்தில் நேர்மாறு: தட்டிலேயே அக்ரிலிக் காய்ந்து தோலாகிவிடும். தட்டையான டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்ச், அதன் மேல் பேக்கிங் தாள், அதன் மேல் வண்ணம் என்று வைத்துக்கொண்டால் மணிக்கணக்கில் இளக்கமாக இருக்கும்.

படை சேர்க்கிறவர்களுக்கு ஒரே மாதிரி எலும்புக்கூடுகள் வரிசையாகக் காத்திருக்கும் அலுப்பு வேறு. ஒரே பூச்சில் நிறமும் நிழலும் தரும் கான்ட்ராஸ்ட் வண்ணங்கள் 2019இல் வந்தபோது சிலர் முகம் சுளித்தார்கள். எலும்புக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. மிச்சமாகும் நேரத்தைத் தளபதியின் முகத்துக்குக் கொடுக்கலாம்.

என்னை இன்று அதிகம் உறுத்துவது கைப்பேசித் திரை. விரலளவு உருவத்தைப் பல மடங்கு பெருக்கிப் பார்த்து, நிழல் கரடுமுரடாக இருக்கிறது என்கிறார்கள். இந்த உருவங்கள் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பதற்கும் மேஜைமேல் நிறுத்துவதற்கும் செய்யப்பட்டவை. உருப்பெருக்கிக் கண்ணாடியை உருவத்தின் முகத்தைத் தீட்ட மட்டும் அணிகிறேன், மற்றதெல்லாம் வெறுங்கண். கையை நீட்டிப் பார்க்கும்போது மடிப்பு மங்கலாகத் தெரிந்தால் இன்னும் ஒரு பூச்சுக் கருக்குவேன். திரையில் அது முரட்டுக் கோடாகத் தெரியுமென்றால், தெரியட்டும்.