நியூட்ரலில் இறங்கும் சைக்கிள்

மத்திகிரியில் வீதிக்கு நாலு பேர் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். மோட்டார் நின்றால் ஒருவரைக் கூப்பிடுவார்கள், வெல்டிங் விட்டுப்போனால் இன்னொருவரை. என் பங்குக்கு வருவது பிரேக். ஓசூர் சிப்காட்டில் ஒரு வாகனத் தொழிற்சாலையில் பிரேக் பரிசோதனைப் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்தவன் என்பதால், கூட்ரோடு மெக்கானிக்குகூட சில சமயம் வண்டியை என் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார். ஆனால் சைக்கிள் பிரேக்குக்காக யாரும் வந்ததில்லை, போன மாதம் பேரன் வரும்வரை.

மகள் வயிற்றுப் பேரன். பெங்களூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். துரஹள்ளி, அவலஹள்ளிப் பக்கம் மண்பாதையில் சைக்கிள் ஓட்டும் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டான். 2023 அக்டோபரில் திருவனந்தபுரம் பக்கத்தில் பொன்முடியில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி நடந்ததே, அதன் வீடியோக்களைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு 'டவுன்ஹில்' பித்து. மலை இறங்குவதற்கென்றே செய்த சைக்கிள் அது. முன்னால் மோட்டார் பைக் மாதிரி பெரிய ஃபோர்க், பின்னால் ஸ்பிரிங், தடித்த டயர். மிதித்து மலை ஏற அதற்கு லாயக்கில்லை. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் உச்சியில் இறக்கி, அங்கிருந்து கல்லும் வேருமான பாதையில் விட்டுவிடுவார்கள். அப்படி ஒரு பழைய சைக்கிளை நண்பர்களோடு சேர்ந்து வாங்கியிருந்தான். மற்றதெல்லாம் சரி, பிரேக் மட்டும் எண்ணெய் கசிந்து செத்துப்போயிருந்தது.

"தாத்தா, பிரேக் நீங்க தேர்ந்தெடுத்துக் கொடுங்க. நீங்க சரின்னு சொன்னா அம்மா விடுவாங்க" என்றான். சமத்துப் பையன். மகள் அதற்கு முன்பே எனக்கு போன் செய்து, "அப்பா, நீங்களே வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றிருந்தாள்.

வேண்டாம் என்று சொன்னால் நண்பனின் சைக்கிளை வாங்கி ஓட்டுவான், அதில் பிரேக் எப்படி இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? அதனால் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதென்று முடிவு செய்தேன்.

நம் பக்கத்து ஆட்களுக்குத் தொப்பூர் கணவாயைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும்போது பஸ் ஜன்னலில் லைனிங் கருகிய வாசனை வரும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்கும் லாரிக்கு இன்ஜின் பிடிப்பு இல்லை. பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில். கொஞ்ச தூரத்தில் டிரம் சூடேறி, லைனிங் வழுக்க ஆரம்பித்து, மிதித்தாலும் நிற்காது. பாதி விபத்துச் செய்திகளில் 'பிரேக் பிடிக்காமல்' என்று ஒரு வரி இருக்கும். என்னைக் கேட்டால், அடிவாரத்தில் பிடிக்காமல் போகிற பிரேக் உச்சியிலேயே கெட ஆரம்பித்துவிடுகிறது.

மலை இறங்கும் சைக்கிள் எப்போதுமே நியூட்ரலில் இறங்கும் லாரிதான். அதற்கு இன்ஜினே கிடையாது. இதைச் சொன்னதும் பேரன் சிரித்தான். பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவன் 75 கிலோ, சைக்கிள் 17, ஹெல்மெட், கவசம், பை எல்லாம் 8. ஆக 100 கிலோ. 300 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறத்தாழ 2,94,000 ஜூல். 25 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை 95 டிகிரிக்குக் கொண்டுபோகும் சூடு அது. காற்றும் டயரும் மண்ணும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு. ஒரு தட்டு கால் கிலோகூட வராது. அதன் பிறகு அவன் சிரிக்கவில்லை.

எல்லாரும் கேட்பது 'எவ்வளவு வேகமா நிக்கும்' என்றுதான். ஓசூர் ரிங் ரோட்டில் ஓட்டுபவன் அப்படிக் கேட்கலாம். மலையில் ஓட்டுபவன், பத்தாவது நிமிடத்திலும் லீவர் முதல் நிமிடம் மாதிரியே இருக்குமா என்று கேட்க வேண்டும்.

கேபிள் இழுக்கும் டிஸ்க் பிரேக்கை முதலிலேயே ஒதுக்கினேன். கேபிளில் சேறு ஏறும், பேட் தேயத் தேய நாமே திருகிச் சரிசெய்ய வேண்டும். ஹைட்ராலிக்கில் லீவரடியில் சின்ன பிஸ்டன், சக்கரத்தருகே காலிபரில் பெரிய பிஸ்டன்கள், நடுவில் குழாயில் எண்ணெய். பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கல் விதிதான். ஒரு விரலால் இழுத்தாலே போதும், மற்ற விரல்கள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கும். பேட் தேய்ந்தால் பிஸ்டன் தானே முன்னால் வந்துவிடும்.

மாப்பிள்ளை ஒரு செட்டின் படத்தை அனுப்பினார். "மாமா, இதுவும் ஹைட்ராலிக்தான், பாதி விலைக்கும் கீழே" என்றார். இரண்டு பிஸ்டன், 160 மில்லிமீட்டர் தட்டு. ஊருக்குள் ஓட்ட நல்ல சாமான், குறை சொல்ல மாட்டேன். மலைக்கு நாலு பிஸ்டன் காலிபர் வேண்டும். பேட் நீளமாக இருக்கும், சூடு பரவ இடம் கிடைக்கும். பழைய பிரேக்கில் இருந்த தட்டு 180. அதை 203 ஆக்கினால் அதே விரல் பலத்துக்குப் பன்னிரண்டு, பதிமூன்று சதவீதம் கூடுதல் பிடிப்பு வரும், இரும்பும் அதிகம். ஃபோர்க் எந்த அளவு தட்டு வரை தாங்கும் என்று அதன் தயாரிப்பாளர் சொல்லியிருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இவனுடையது 203 தாங்கும்.

அடுத்தது எண்ணெய். இங்கேதான் எனக்கே இரண்டு நாள் யோசனை. என் ஆயுசு முழுக்கப் பழகியது டாட் எண்ணெய். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிவிட்டால் விதியே 155 டிகிரிதான் கேட்கிறது. கொதித்தால் குழாயில் ஆவி. ஆவி அமுங்கும், லீவர் கைப்பிடி வரை வந்துவிடும், பிரேக் இருக்காது. அதனால் வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். சிராம் கம்பெனியின் கோட் வகை, இங்கிலாந்தின் ஹோப் எல்லாம் டாட் ஊற்றுபவை. ஷிமானோவும் ஜெர்மனியின் மகுராவும் மினரல் ஆயில். அது ஈரத்தை உறிஞ்சாது, பெயிண்டை அரிக்காது. ஆனால் டாட் போல எல்லாருக்கும் பொதுவான தரம் அதற்குக் கிடையாது, அந்தந்தக் கம்பெனி எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். டாட் நம் ஓசூரில் எந்த பைக் சாமான் கடையிலும் கிடைக்கும். மினரலுக்குப் பெங்களூர் போக வேண்டும்.

கையில் கிடைப்பதைப் பார்த்தால் டாட் என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இவன் இருப்பது ஹாஸ்டலில். வருடாவருடம் எண்ணெய் மாற்றுவான் என்று நம்ப எனக்குத் தைரியம் இல்லை. தோசைக்கல் அளவு சாமானைக்கூடக் கழுவி வைக்காத பிள்ளை. அதோடு அவன் கூட்டத்தில் பாதிப்பேரிடம் ஷிமானோ. காற்று எடுக்கும் புனல், குழாய், பேட் எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. மலையில் மாட்டிக்கொண்டால் கூட இருப்பவனின் சாமான்தான் உதவும். ஷிமானோவிலேயே உச்சியில் செயின்ட் என்று ஒன்று உண்டு, டவுன்ஹில்லுக்கென்றே செய்தது. விலையைப் பார்த்துவிட்டு, டியோர் வரிசையின் நாலு பிஸ்டன் காலிபரில் நின்றோம். தட்டிலும் பேடிலும் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் என்றேன். பொன்முடி மாதிரி மழையும் சேறும் உள்ள மலைக்கு உலோகத்தூள் பேட், அதை ஏற்கிற தட்டு. ரெசின் பேட் மட்டும் போடச் சொல்லி எழுதியிருக்கும் தட்டுகளும் விற்கிறார்கள், பார்த்து வாங்க வேண்டும்.

ஒரு விஷயத்தைக் கடைக்காரர்கூடச் சொல்லவில்லை. அந்தப் பழைய சைக்கிள் வெளிநாட்டிலிருந்து வந்தது, முன் பிரேக் இடது கையில். அமெரிக்காவில் அதுதான் வழக்கம். நம் மோட்டார் பைக்கில் முன் பிரேக் வலது கை, இடது கை கிளட்ச். தினமும் பைக்கில் கல்லூரி போகிறவன், திடீரென்று ஒரு பாறை வந்தால் மூளையைக் கேட்டுக்கொண்டா பிடிப்பான்? கிளட்ச் பிடிக்கிற பழக்கத்தில் இடது கை முழுசாக இறுக்கினால் முன்சக்கரம் நின்று, ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பான். கேபிள் என்றால் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். ஹைட்ராலிக்கில் குழாயைக் கழற்றி, நீளம் பார்த்து, மறுபடி காற்று எடுக்க வேண்டும். எனவே வாங்கும்போதே முன் பிரேக் வலது கைக்கு வருகிற செட்டாகக் கேட்டு வாங்கச் சொன்னேன். ஒரு வாரம் கூடுதலாகக் காத்திருந்தான்.

மாட்டி முடித்ததும் கால்நடைப் பண்ணை ஓரத்துச் சாலையில் காலை ஆறு மணிக்குப் பேட் பதிய வைத்தோம். வேகம் எடுத்து, சக்கரம் பூட்டாமல் மெல்லக் குறைத்து, இருபது முப்பது தடவை. 1824இல் கம்பெனிக்காரன் குதிரைகளுக்காக ஆரம்பித்த பண்ணை அது. இப்போது வேலிக்கு உள்ளே மாடுகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. பதினைந்தாவது தடவைக்கு மேல் லீவர் கெட்டியாக, ஒரே இடத்தில் கடித்தது. என் விரலாலும் இழுத்துப் பார்த்தேன்.

லீவருக்குப் பக்கத்தில் 'மினரல் ஆயில் மட்டும்' என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். வழியில் யாராவது நல்லெண்ணத்தில் பைக் பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டால் ரப்பர் சீல் ஊதிப்போகும். என் பழைய வெர்னியரையும் அவனிடமே கொடுத்துவிட்டேன். தட்டு 1.5 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலோ, பேடில் அரை மில்லிமீட்டர்தான் மிச்சம் என்றாலோ மலை கிடையாது. அளந்த எண்ணை ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் அம்மாவுக்கு வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும், அதுதான் ஒப்பந்தம். முதல் அளவு போன சனிக்கிழமை வந்தது: முன் தட்டு 1.78. அது என்ன எண் என்று மகள் எனக்கு போன் செய்து கேட்டாள்.