ஆமையை ஓட்டியவரும் அளந்தவரும்

திருச்சி
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணம்மா,

ஐஐடி பம்பாயில் கல்வித் தொழில்நுட்பத்தில் பிஎச்.டி. சேரப் போகிறாய் என்று அக்கா போனில் சொன்னாள். கம்ப்யூட்டர் என்ஜினீயரிங் படித்துவிட்டு வாத்தியார் வேலைக்கா என்று உன் அப்பா முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாராம். அவரை என்னிடம் விடு.

இந்தத் துறையில் காலம் தள்ளுவது எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தாய். இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலாமவர் சீமோர் பாப்பர்ட். 1928-ல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்த கணிதக்காரர். ஜெனீவாவில் உளவியலாளர் பியாஜேயோடு சில ஆண்டுகள் இருந்து, குழந்தைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று கவனித்தார். பிறகு அமெரிக்காவின் எம்ஐடிக்குப் போனார். 1967-ல் ஃபோயர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோரோடு சேர்ந்து குழந்தைகளுக்கென்றே 'லோகோ' என்ற கணினி மொழியை உருவாக்கினார். சில ஆண்டுகளில் அதில் ஓர் ஆமை வந்து சேர்ந்தது. முன்னால் போ, வலப்பக்கம் திரும்பு என்று கட்டளையிட்டால் கோடு இழுத்துக்கொண்டே நகரும்.

சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று என் வகுப்பில் ஒப்பிக்காத பிள்ளை கிடையாது. ஆமையிடம், '100 அடி போ, 60 திரும்பு' என்று மூன்று தரம் சொல்லிப் பார். முக்கோணம் வராது, பாதி அறுகோணம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். பிள்ளை எழுந்து தானே நடந்து பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். ஒரு சுற்று முடிந்து, கிளம்பிய திசையையே பார்த்து நிற்க வேண்டுமானால் மொத்தம் 360 பாகை திரும்பியாக வேண்டும். மூன்று முனைக்கும் பங்கு போட்டால் தலைக்கு 120. நான் கரும்பலகையில் மல்லுக்கட்டிய வெளிக்கோணம், அங்கே காலோடு வந்துவிடுகிறது.

1980-ல் பாப்பர்ட்டின் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூல் வந்தது. லோகோ படித்த பிள்ளைகளுக்குப் பொதுவாகவே யோசனைத் திறன் கூடும் என்ற நம்பிக்கை பரவியது.

இரண்டாமவர் ராய் பீ. நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியில், மிடியன் கர்லண்டோடு சேர்ந்து அந்த நம்பிக்கையை உரசிப் பார்த்தார். லோகோ கற்ற பிள்ளைகளிடமும் கற்காதவர்களிடமும் வகுப்பறையை ஒழுங்குபடுத்தும் வேலையைக் கொடுத்தார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, மேஜை துடைப்பது, பலகை அழிப்பது என்று சில்லறை வேலைகள்தான். குறைந்த நடையில் எந்த வரிசையில் முடிப்பாய் என்று திட்டம் போடச் சொன்னார்கள். லோகோ பிள்ளைகள் பெரிதாக ஒன்றும் முந்திவிடவில்லை.

பாப்பர்ட் சும்மா இருக்கவில்லை. கணினியால் என்ன பலன் என்று கேட்பதே கோணல், மரம் நல்ல வீடு கட்டுமா என்று யாராவது கேட்பார்களா என்று 1987-ல் எழுதினார். கட்டுகிறவன் கையில்தானே இருக்கிறது என்பது அவர் வாதம்.

வாத்தியாராக இருந்தவள் சொல்கிறேன், இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதே ஆமையை வைத்துக்கொண்டு ஒரு டீச்சர் பிள்ளையைத் தடுமாற விட்டுக் காத்திருப்பார். இன்னொருவர் '120 என்று போடு' என்று சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். திரையில் இரண்டு முக்கோணமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பாப்பர்ட்டின் ஆசை இல்லாவிட்டால் உனக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. பீயின் சந்தேகம் இல்லாவிட்டால் செய்தது பலித்ததா என்றே தெரியாது. இரண்டையும் ஒரே தலையில் வைத்துக்கொள்வதுதான் நீ போகிற வேலை.

நேர்காணலுக்குப் போகும்முன் ஒன்று செய். எந்த ஆப் செய்யலாம் என்று இப்போதே மண்டையை உடைத்துக்கொள்ளாதே. பக்கத்துப் பள்ளி ஒன்றில் அனுமதி வாங்கிக் கடைசி பெஞ்சில் உட்கார். ஒரே ஒரு பிள்ளை பின்னக் கணக்குப் போடுவதைப் பார்த்து, எங்கே நிறுத்தியது, எதை அழித்தது, யார் நோட்டை எட்டிப் பார்த்தது என்று எழுதி வை. வாயைத் திறந்து சொல்லிக்கொடுத்துவிடாதே, அதுதான் கஷ்டம்.

அந்தக் குறிப்பையும் ஆய்வுத் திட்டத்தையும் எனக்கு அனுப்பு. சிவப்புப் பேனாவில் இன்னும் மை இருக்கிறது. அக்காவை வேளாவேளைக்கு மாத்திரை சாப்பிடச் சொல்.

அன்புடன்,
உன் சித்தி