பாறைக்குப் பெயிண்ட் அடிப்பது எப்படி (அப்பா ஒத்துக்கொள்ளும்படி)

மாடல் ரயில் பைத்தியங்கள்கிட்ட பேசிப் பாருங்க, எஞ்சினைப் பத்தி மணிக்கணக்கா பேசுவாங்க. பாறையைப் பத்தி ஒருத்தரும் வாயே திறக்க மாட்டாங்க. நான் செய்துகிட்டு இருக்கறது மேட்டுப்பாளையம் - ஊட்டி லைன்ல கல்லாறு தாண்டின பகுதி. 12-க்கு 1 ஏத்தம், பல்சக்கரம், ஒரு பக்கம் பள்ளம், இன்னொரு பக்கம் பாறை. அங்கே பாறை சொதப்பினா எஞ்சின் எவ்வளவு அழகா இருந்தும் பிரயோஜனமில்லை. 1:87 அளவுல 10 மீட்டர் பாறைங்கறது 11.5 சென்டிமீட்டர்.

வார்க்கறது சுலபம். அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி, பாதி விரிச்சு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைச்சு ஊத்தணும். கெட்டியாகும்போது சூடாகும், ஆறினதும் உரிச்சிடலாம். கத்தி மாதிரி நிக்கற விளிம்பை பழைய ஸ்க்ரூடிரைவரால தட்டி உடைச்சு விடுங்க. உடைஞ்ச இடம்தான் நிஜப் பாறை மாதிரி இருக்கும்.

அப்பா அந்த செக்‌ஷன்ல கேங்மேனா இருந்து ரிட்டையர் ஆனவர். மழையில, இருட்டுல லைன் பார்த்து நடந்த கால், இப்போ மாடிப்படி ஏறவே யோசிக்குது. மலைக்குப் போய் வருஷக்கணக்காச்சு. காய வெச்சிருந்த நாலு பாறையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், ரெண்டைத் தனியா எடுத்து வெச்சார்.

"இது ரெண்டும் வெடிப்பு மலைக்குள்ள சாயுது, நிக்கும். அது ரெண்டும் லைனைப் பார்த்து சாயுது தம்பி. ஒரு மழைக்கு வந்துடும்."

கடப்பாரையால தட்டி, சத்தத்தை வெச்சே எது ஆடுதுன்னு கண்டுபிடிப்பாங்களாம். இத்தனை வருஷத்துல இதை எங்கிட்ட சொன்னதே இல்லை!

சரி, பெயிண்டுக்கு வருவோம். பிளாஸ்டர் தண்ணியைக் குடிக்கும். கெட்டியா அடிச்சா சுவத்துக்கு டிஸ்டெம்பர் அடிச்ச மாதிரி ஆயிடும். அதனால ஒரு பங்கு அக்ரிலிக்குக்கு 16 பங்கு தண்ணி. அமெரிக்க முறைப்படி மஞ்சள் காவி, பழுப்பு, சாம்பல் மூணையும் சிறுத்தைப் புள்ளி மாதிரி அங்கங்கே தொட்டு வைப்பாங்க. கொலராடோ மலைக்கு அது சரி. நீலகிரிப் பாறை சார்னோக்கைட், நீலம் கலந்த கரும்சாம்பல். அதனால சாம்பலை முக்கால்வாசி தொட்டுட்டு, பழுப்பைக் கொஞ்சமா, காவியை மேலேர்ந்து செம்மண் வழியற இடத்துல மட்டும் வைக்கறேன். அப்புறம் இன்னும் நீர்த்த கருப்பை மேலே ஓட விட்டா, அது வெடிப்புக்குள்ள தானா போய் உட்காரும். நல்லா காயட்டும், ஈரத்துல இருக்கறதைவிட ரொம்பவே வெளுக்கும். கடைசியா, துடைச்ச பிரஷ்ல ஒட்டியிருக்கற வெளிர்சாம்பலை மேல்விளிம்புல லேசா இழுங்க, வெயில் பட்ட மாதிரி ஆயிடும்.

அப்பா பார்த்துட்டு, "வெயில்காலத்துப் பாறை"ன்னார். பாராட்டா புகாரான்னு தெரியலை :-) அப்புறம் தண்ணி கசியற இடங்களை விரலால காட்டினார். அங்கே கருப்புக் கோடு, ஓரத்துல பாசிப் பச்சை, மேலே மினுங்க கிளாஸ் வார்னிஷ் ஒரு தீற்றல்.

ஹில்குரோவ் பக்கத்து வெட்டுக்கு இன்னும் ஆறு பாறை வேணும். ஃபாயிலைக் கசக்கற வேலையை இப்போ அப்பாவே எடுத்துக்கிட்டார்.